மூன்று சர்வர், 22 விஎம்: விஎம்வேரிலேயே இருப்பதா, ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறுவதா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம். ஊருக்குள்ளேயே ஸ்பிரிங்ஃபீல்டில் ஆபீஸ், ஃபீனிக்ஸில் கிடங்கு. ஆபீஸில் மூன்று சர்வர்; ஒவ்வொன்றிலும் இரண்டு பிராசஸர், பிராசஸருக்கு 12 கோர். மூன்றுக்கும் பொதுவாக ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க் கொடுக்கும் முறை) பேசும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. மேலே விஎம்வேர் 8, அதாவது ஒரு சர்வரைப் பல கணினிகளாகப் பிரித்து ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருள்; அதில் 22 விஎம், அதாவது மெய்நிகர் கணினிகள். 14 விண்டோஸ், மீதி லினக்ஸ். சப்ஸ்கிரிப்ஷன் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. முதலாளி, "ஓப்பன் சோர்ஸ் சும்மா கிடைக்கிறதாமே, அதைப் போடேன்" என்கிறார். கிடங்கு மென்பொருள் கொடுத்தவர்களோ, "அதில் போட்டால் நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். ஐடிக்கு நீங்கள் ஒரே ஆள். எது நல்லது, அண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில்: அதே வேலையைச் செய்யும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறுங்கள், ஆனால் சும்மா கிடைக்கிறது என்பதற்காக மாறாதீர்கள். சும்மா என்று நினைத்து மாறுகிறவர்கள்தான் ஒரு வருஷத்தில் திரும்பி வருகிறார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வேகத்தைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடலாம். இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் மெய்நிகராக்கத்துக்கான வசதியைச் சிப்பிலேயே கொண்டுவந்துவிட்டன. அதற்கு முன்னால் எக்ஸ்86 சிப்பில் ஒரு ஓஎஸ்ஸை ஏமாற்றி இன்னொன்றுக்குள் ஓட வைப்பது பெரிய வித்தை. விஎம்வேர் 1999-ல் அந்த வித்தையை விற்றுத்தான் பேர் வாங்கியது. இன்று வித்தையில் பெரும்பகுதியைச் சிப்பே செய்கிறது. உங்கள் அளவுக்கு விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ, லினக்ஸின் கேவிஎம் (ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடியில் ஓடுவது இதுதான்), மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி மூன்றுக்கும் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. டிஸ்க் மெதுவாக இருந்தால் மூன்றுமே மெதுவாக இருக்கும்.

எங்கள் முதலாளியம்மாவுக்கு இதை விளக்க நான் பட்ட பாடு உண்டு. நான்காம் தலைமுறை நேட்டால் மாகாணத் தமிழர். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள். தோட்டத்து பாரக்ஸ் மாதிரி, ஒரே கூரை, நடுவில் தடுப்பு, ஒவ்வொரு குடும்பமும் தனி வீடு என்று நினைத்துக்கொண்டு இருக்கும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அப்போ அந்த ஹைப்பர்வைசர்தான் சர்தார்" என்றார். தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மேஸ்திரிக்கு இங்கே அதுதான் பெயர். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. உங்கள் கேள்வியே எந்த சர்தார் என்பதுதான். வேலை ஒன்றுதான். கூலி என்ன, யார் பேச்சைக் கேட்பான், நாளைக்கு முதலாளி மாறினால் உங்கள் கதி என்ன, இதில்தான் வித்தியாசம்.

கூலியைப் பார்ப்போம். விஎம்வேர் இப்போது கோர் கணக்கில் விற்கப்படுகிறது. பிராசஸர் ஒன்றுக்குக் குறைந்தது 16 கோருக்குக் காசு கட்ட வேண்டும். உங்களிடம் உண்மையில் இருப்பது 72 கோர். ஆனால் 6 பிராசஸர், தலைக்கு 16, ஆக 96 கோருக்கு பில். இல்லாத 24 கோருக்கும் வருஷா வருஷம் கட்டுகிறீர்கள். அடுத்த முறை சர்வர் வாங்கும்போது இதை மனதில் வையுங்கள்: 16 கோர் பிராசஸர் ஒன்றே ஒன்று போட்ட சர்வர் பலருக்குப் போதும், பில்லும் பாதியாகும்.

ப்ராக்ஸ்மாக்ஸில் கோர் கணக்கே கிடையாது, சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) கணக்குதான். மென்பொருளை இறக்கிப் போட காசு வேண்டாம். எந்த வசதியையும் பூட்டி வைக்கவும் இல்லை. சப்ஸ்கிரிப்ஷன் வாங்கினால் நன்கு சோதித்த அப்டேட் கிடங்கு திறக்கும், மேல் நிலைகளில் டிக்கெட் போட்டு உதவி கேட்கலாம். அடிமட்ட நிலை சாக்கெட்டுக்கு ஆண்டுக்கு நூறு யூரோ சொச்சம். அதில் அப்டேட் மட்டும்தான், கேள்வி கேட்க முடியாது. கேட்க வேண்டுமென்றால் அதைப்போல மூன்று மடங்கும் மேலும். வாங்காவிட்டால் உள்ளே நுழையும்போதெல்லாம் சப்ஸ்கிரிப்ஷன் இல்லை என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அந்தப் பெட்டி வராமல் செய்ய ஸ்கிரிப்ட் தேடி அலைகிற நேரத்தில் நல்ல காரியம் எத்தனையோ செய்யலாம்.

டாலரானாலும் யூரோவானாலும் நம் ராண்டின் மதிப்பு விழுந்தால் இரண்டும் ஏறும், அதிலிருந்து தப்ப வழியில்லை. ஆனால் ஏறுகிற தொகை சின்னதா பெரியதா என்பது இருக்கிறதே.

எல்லாரும் மறக்கிற கணக்கு ஒன்று: விண்டோஸ் லைசென்ஸ். ஹைப்பர்வைசரை மாற்றினால் அது குறையாது. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் என்றால், அந்த சர்வரிலுள்ள எல்லா கோருக்கும் வாங்கினால் இரண்டு விஎம் ஓட்டலாம். இன்னும் இரண்டு வேண்டுமென்றால் எல்லா கோருக்கும் மறுபடி வாங்க வேண்டும். டேட்டாசென்டர் எடிஷனில் எத்தனை வேண்டுமானாலும் ஓட்டலாம். விஎம்கள் சர்வர் விட்டு சர்வர் தாவும் என்றால், ஒரு சர்வரில் அதிகபட்சம் எத்தனை வந்து குவியலாமோ அத்தனைக்கும் அந்த சர்வரில் லைசென்ஸ் இருக்க வேண்டும். கீழே விஎம்வேரா கேவிஎம்மா என்று மைக்ரோசாஃப்ட் பார்ப்பதில்லை. "ஓப்பன் சோர்ஸுக்கு மாறிவிட்டோம், இனி லைசென்ஸ் செலவே இல்லை" என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள், பிறகு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதிலிருந்தே மூன்றாவது வழி ஒன்றும் தெரியும். விண்டோஸ் லைசென்ஸ் ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஹைப்பர்-வி அதற்குள்ளேயே இருக்கிறது, 2008-லிருந்து. உங்களுக்கு லினக்ஸ் பக்கமே போக விருப்பமில்லை, டேட்டாசென்டர் எடிஷனும் கையில் இருக்கிறது என்றால் அதில் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தனியாக இலவசமாகக் கொடுத்துவந்த ஹைப்பர்-வி சர்வர் மட்டும் 2019 பதிப்போடு நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் ஹைப்பர்-வி நல்ல எஞ்சின். அதை மேய்க்கக் கொடுத்திருக்கும் கருவிகள்தான் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. உங்களிடம் லினக்ஸ் விஎம் எட்டு இருக்கிறது, லினக்ஸ் தெரிந்தவர் நீங்கள். அதனால்தான் அதை முதலில் சொல்லவில்லை.

முதலாளி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். விஎம்வேரின் கதையே போதும். 1998-ல் ஆரம்பித்த கம்பெனியை 2004-ல் இஎம்சி வாங்கியது. 2016-ல் இஎம்சியை டெல் வாங்கியது. 2021-ல் விஎம்வேர் தனியாக வந்தது. 2022 மே மாதம் பிராட்காம் வாங்குவதாக அறிவித்து 2023 நவம்பரில் முடித்தது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் உங்களுடையது என்ற லைசென்ஸ் விற்பனை நின்றது. இனி சந்தா மட்டும். 2024 பிப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐயை எடுத்தார்கள், 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தார்கள். சின்னக் கம்பெனிகளுக்கென்று மூன்று சர்வர் வரை ஒரே மூட்டையாக விற்ற எசென்ஷியல்ஸ் பிளஸும் போய்விட்டது. இதில் சட்டத்துக்கு மாறாக ஒன்றும் இல்லை. அவர்கள் பொருள், அவர்கள் விலை. ஆனால் பொருள் மாறவில்லை, விற்கும் முறை மட்டும் ஓரிரு ஆண்டில் தலைகீழானது. உங்களிடம் இருக்கும் 8-ஆம் பதிப்புக்கு 2027 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. ஆகவே அவசரமில்லை, ஆனால் இன்னொரு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அவசரமும் இல்லை.

ஓப்பன் சோர்ஸ் உலகமும் சத்தியவான்களின் உலகம் என்று நினைத்துவிடாதீர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-ல் வெளிவந்த ஸென் என்ற ஹைப்பர்வைசரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து ஆரம்பித்த கம்பெனியை 2007-ல் சிட்ரிக்ஸ் வாங்கியது. பத்து வருஷம் கழித்து, ஸென்மேல் கட்டிய ஸென்சர்வரின் இலவசப் பதிப்பிலிருந்து சில வசதிகளை உருவினார்கள். ஆனால் அதன் சோர்ஸ் கோடு (மூல நிரல்) வெளியில் இருந்தது. பிரான்ஸில் வேட்ஸ் என்ற சின்னக் கம்பெனி அதே கோடை எடுத்து 2018-ல் எக்ஸ்சிபி-என்ஜி என்று வெளியிட்டது, இன்றும் ஓடுகிறது. ரெட் ஹேட்டும் அப்படித்தான். கேவிஎம்மை உருவாக்கிய கும்ராநெட்டை 2008-ல் வாங்கி, அதன்மேல் ஒரு மேலாண்மைப் பொருள் கட்டி விற்று, பிறகு அதை ஓரங்கட்டிவிட்டு ஓப்பன்ஷிஃப்ட் என்ற தங்கள் வேறொரு பொருளின் பக்கம் போய்விட்டார்கள். அந்தப் பொருளை நம்பியவர்கள் பாடு கஷ்டம்தான். ஆனால் கீழே இருந்த கேவிஎம் லினக்ஸின் மையமான கெர்னலோடு 2007-லேயே கலந்துவிட்டது. அதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. வியன்னாவில் இருக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் கம்பெனியை நாளைக்கே யாராவது வாங்கினாலும், உங்கள் விஎம் சாதாரண கேவிஎம் விஎம்தான். வேறு ஒரு லினக்ஸ் பெட்டியில் அந்த டிஸ்க் ஃபைலை வைத்துக் கிளப்பிவிடலாம்.

"இதெல்லாம் பெரிய இடத்தில் தாங்குமா?" என்று முதலாளி கேட்டால் அவருக்கு நம் ஊர்க் கதையையே சொல்லுங்கள். அமேசானின் இசி2, உலகமே இன்று வாடகைக்கு எடுக்கும் அந்தக் கிளவுட், முதலில் கட்டப்பட்டது கேப் டவுனில். கிறிஸ் பிங்கம் தலைமையில் ஒரு சின்னக் குழு. 2006 ஆகஸ்டில் வெளிவந்தபோது அதற்கு அடியில் ஓடியது ஸென். 2017-லிருந்து புதிய வகை மெஷின்களுக்கு கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட நைட்ரோவுக்குப் போய்விட்டார்கள். கூகுள் கிளவுட் ஓடுவதும் கேவிஎம்மில்தான். ஆனால் ஒன்று, அங்கே ஏதாவது உடைந்தால் எழுந்து வர ஒரு படையே இருக்கிறது. உங்கள் ஆபீஸில் நீங்கள் ஒருவர். அதனால் அமேசான் ஓட்டுகிறது என்பது கோடு நல்லது என்பதற்குத்தான் சாட்சி. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதற்கு இல்லை.

விஎம்வேர் உண்மையிலேயே மேலான இடங்களையும் சொல்ல வேண்டும். டிஆர்எஸ், அதாவது எந்த சர்வரில் சுமை கூடுகிறதோ அங்கிருந்து விஎம்களைத் தானாகவே நகர்த்துவது. அந்த அளவுக்கு முதிர்ந்தது ப்ராக்ஸ்மாக்ஸில் இல்லை. ஒரு விஎம்முக்கு இன்னொரு சர்வரில் நிழல் போல் ஒரு நகல் கூடவே ஓடி, ஒன்று செத்தால் மற்றது கண் இமைக்கும் முன் எடுத்துக்கொள்ளும் ஃபால்ட் டாலரன்ஸும் இல்லை. மூன்று சர்வருக்கு இரண்டுமே தேவையில்லை. நூறு சர்வர் வைத்திருக்கும் பேங்க் என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

உங்களைத் தொடும் குறை வேறு, அது உங்கள் ஸ்டோரேஜ் பெட்டி. விஎம்வேரின் விஎம்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் அருமை அதை இழந்த பிறகுதான் தெரியும்: ஐஸ்கஸி டிஸ்க் ஒன்றை மூன்று சர்வரும் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளலாம், ஸ்னாப்ஷாட்டும் (விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) எடுக்கலாம். ப்ராக்ஸ்மாக்ஸில் ஐஸ்கஸி டிஸ்க்கின்மேல் எல்விஎம் (டிஸ்க்கைத் துண்டு போடும் லினக்ஸ் வசதி) போட்டுத்தான் பகிர்வார்கள். அதில் பல வருஷம் ஸ்னாப்ஷாட் கிடையாது. 2025 ஆகஸ்டில் வந்த 9-ஆம் பதிப்பில் வழி வந்திருக்கிறது, ஆனால் முன்னோட்டம் என்ற முத்திரையோடுதான் வந்தது. என் யோசனை, அந்தப் பெட்டி என்எஃப்எஸ் (டிஸ்க்காக இல்லாமல் ஃபைல்களாகப் பகிரும் முறை) கொடுக்குமா என்று பாருங்கள். இந்த அளவுப் பெட்டிகளில் பல இரண்டும் பேசும். என்எஃப்எஸ்ஸில் விஎம் டிஸ்க்கை க்யூகவ்2 என்ற வகை ஃபைலாக வைத்தால் ஸ்னாப்ஷாட் பிரச்சினையே இல்லை. கொடுக்காது என்றால் மாறுவதற்கு முன் இன்னும் யோசிக்க வேண்டியிருக்கும்.

இனி நான் அடிபட்ட கதை. ஓப்பன் சோர்ஸில் எல்லாத் திருகும் உங்கள் கையில் இருக்கும். அது வரம், சாபமும் அதுவே. 2023-ல் ஸ்டேஜ் 6 லோட்ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு பெரிய டேட்டாபேஸ் விஎம்மைப் பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்தேன். நேரம் ஆகிறதே என்று அதன் டிஸ்க் கேஷை 'அன்சேஃப்' என்று மாற்றினேன். அப்படி வைத்தால், "டிஸ்க்கில் எழுதிவிட்டாயா?" என்று உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் கேட்கும்போது, எழுதாமலேயே "எழுதிவிட்டேன்" என்று பதில் போகும். பறக்கும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்ற வேண்டும். நான் மாற்ற மறந்தேன். மூன்று வாரம் கழித்துக் கரண்ட் போனது. நாற்பது நிமிஷம் தாங்க வேண்டிய யுபிஎஸ், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை காலியாகிக் காலியாகி பேட்டரி செத்துப்போய், ஆறே நிமிஷத்தில் படுத்துவிட்டது. சர்வர் எழுந்தபோது டேட்டாபேஸ் எழவில்லை. முந்தின இரவு பேக்கப்பிலிருந்து எடுத்தோம். ஒரு பகல் முழுக்கப் போட்ட இன்வாய்ஸ்களை இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள். அவர்களுக்கு நான் பன்னி சௌ (ரொட்டிக்குள் கறி வைத்த டர்பன் சாப்பாடு) வாங்கிக் கொடுத்தது இன்றும் கிண்டலுக்கு ஆகிறது.

இஎஸ்எக்ஸ்ஐயில் இந்தத் தவறைச் செய்திருக்கவே முடியாது. விஎம் எழுதுவதை அது தன் மெமரியில் தேக்கி வைத்துக்கொள்வதே இல்லை. அந்தத் திருகே அங்கு கிடையாது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் பாதி மதிப்பு, உங்களைச் சில தப்புகள் செய்ய விடாமல் தடுப்பதில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், ப்ராக்ஸ்மாக்ஸ் அடியில் சாதாரண டெபியன் லினக்ஸ் என்பதால், நட் என்ற யுபிஎஸ் கருவியை சர்வரிலேயே நேராகப் போட்டு, பேட்டரி குறைந்ததும் விஎம்களை ஒழுங்காக மூடும்படி செய்துவிட்டேன். இப்போது லோட்ஷெடிங் பெருமளவு நின்றிருக்கிறது, ஆனால் சப்ஸ்டேஷன் கோளாறுக்கு அட்டவணை கிடையாதே.

மாற்றும் வேலையை நான் முதன்முதலில் செய்தது ஒரு புனித வெள்ளியன்று. ஆபீஸ் நான்கு நாள் லீவு, ஊரில் பாதி மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில். 2024-லிருந்து ப்ராக்ஸ்மாக்ஸிலேயே இஎஸ்எக்ஸ்ஐயை ஒரு ஸ்டோரேஜ் மாதிரிச் சேர்த்து, விஎம்மைத் தேர்ந்தெடுத்து இழுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. லினக்ஸ் விஎம்கள் பெரும்பாலும் முணுமுணுக்காமல் வந்துவிடும்; நெட்வொர்க் கார்டின் பெயர் மட்டும் மாறியிருக்கும். விண்டோஸ்தான் படுத்தும். டிஸ்க்கை, விஎம்களுக்கென்றே உள்ள வேகமான விர்ட்டியோ வகையில் மாட்டினீர்களானால், அதற்கான டிரைவர் உள்ளே இல்லாததால் நீலத் திரையில் 'பூட் டிவைஸை அணுக முடியவில்லை' என்று நிற்கும். பயப்பட வேண்டாம். பூட் டிஸ்க்கை சாட்டா வகையில் மாட்டுங்கள். கூடவே 1 ஜிபியில் ஒரு வெத்து டிஸ்க்கை விர்ட்டியோ வகையில் சேருங்கள். கிளப்பி, விர்ட்டியோ டிரைவர் சிடியை நிறுவுங்கள். அந்த வெத்து டிஸ்க்கைப் பார்த்ததும் விண்டோஸ் டிரைவரை ஏற்றிக்கொள்ளும். மூடி, வெத்து டிஸ்க்கைக் கழற்றி, பூட் டிஸ்க்கை விர்ட்டியோவுக்கு மாற்றி, பூட் வரிசையில் அதை டிக் செய்யுங்கள். அந்த டிக்கை மறந்து நான் அரை மணி நேரம் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஎம்முக்குள் போட்டிருக்கும் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருளை, நகர்த்துவதற்கு முன்பே அகற்றிவிடுங்கள். இடம் மாறிய பிறகு அதை அகற்றப் பார்த்தால், "இது விஎம்வேர் மெஷின் இல்லையே" என்று மறுத்துவிடும். அதற்கும் முன்பாக ஐபி முகவரியை ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். புது நெட்வொர்க் கார்டுக்கு அதே முகவரியைக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத பழைய கார்டு அதைப் பிடித்துக்கொண்டிருப்பதாக விண்டோஸ் சொல்லும். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொல்லி அந்தப் பேயை ஓட்ட வேண்டும். பழைய விஎம் பயாஸில் பூட் ஆனதா, யுஇஎஃப்ஐயிலா (மெஷினைக் கிளப்பும் பழைய முறை, புதிய முறை) என்றும் பார்த்து அதையே இங்கேயும் வையுங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தால் முதலில் நீக்குங்கள், இல்லையேல் நகல் ஊர்ந்து வரும். நகல் ஓடும்போதே விஎம்மைக் கிளப்பும் வசதியும் உண்டு. டேட்டாபேஸுக்கு நான் அதைப் பயன்படுத்த மாட்டேன்.

மூன்று சர்வரையும் ஒரே நாளில் தொடாதீர்கள். ஒன்றைக் காலி செய்து ப்ராக்ஸ்மாக்ஸ் போடுங்கள், சில விஎம்மை அதற்கு நகர்த்துங்கள், அப்புறம் அடுத்தது. கிளஸ்டரில் (சர்வர்களின் கூட்டில்) சேர வரும் சர்வரில் விஎம் எதுவும் இருக்கக் கூடாது. மூன்றும் சேரும்வரை ஹெச்ஏவை, அதாவது ஒரு சர்வர் விழுந்தால் அதன் விஎம்களை மற்றதில் தானாகக் கிளப்பும் வசதியை, தொடவே தொடாதீர்கள். இரண்டு சர்வர் மட்டும் இருக்கும்போது ஒன்று விழுந்தால் மற்றதற்குப் பெரும்பான்மை ஓட்டு இல்லாமல் போகும். சர்வர்கள் ஒன்றோடொன்று நலம் விசாரிக்கும் கோரோசிங்குக்கு ஒரு சின்ன ஸ்விட்ச்சைத் தனியாகக் கொடுங்கள். பேக்கப் ஓடும் அதே வயரில் அதையும் விட்டால், இரவு பேக்கப்பில் வயர் நிரம்பி, மற்ற சர்வர்கள் செத்துவிட்டதாக நினைத்து ஒரு சர்வர் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். பார்த்திருக்கிறேன்.

பேக்கப்புக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை ஒரு பழைய மெஷினில் போட்டு ஃபீனிக்ஸ் கிடங்கில் வையுங்கள். மாறிய துண்டுகளை மட்டும்தான் அனுப்பும் என்பதால் இரண்டாம் நாளிலிருந்து உங்கள் ஃபைபர் தாங்கும். முதல் முழு நகலை மட்டும் ஆபீஸிலேயே எடுத்து, மெஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். ஏற்கெனவே வீம் என்ற பேக்கப் மென்பொருள் வைத்திருந்தால் அதுவும் 2024 ஆகஸ்டிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸைப் புரிந்துகொள்கிறது. சிலர் சந்தாவை விட்டுவிட்டு இலவச இஎஸ்எக்ஸ்ஐயிலேயே இருக்கலாமே என்பார்கள். அதில் பேக்கப் மென்பொருள்களுக்கு வழி திறப்பதில்லை, பல சர்வரை ஒரே இடத்திலிருந்து மேய்க்கும் விசென்டரிலும் சேராது. கடைக்கு ஆகாது.

ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? வியன்னாவுக்கும் நமக்கும் அவர்களுடைய கோடையில் ஒரே நேரம், அவர்களுடைய குளிர்காலத்தில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். டிக்கெட்டுக்கு அவர்களுடைய வேலை நாளில் பதில் வரும். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வராது. ஆகவே மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, லினக்ஸ் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவருக்கு மாதாந்திர ஒப்பந்தமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலாளி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் தம்பி பார்த்துக்கொள்வான் என்கிறார் என்றால், தம்பி, விஎம்வேரிலேயே இருங்கள். உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது.

கிடங்கு மென்பொருள்காரர்களின் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதற்கும் எழுத்தில் சொல்வதற்கும் பெரும்பாலும் தூரம் இருக்கும். "நாங்கள் சோதிக்கவில்லை" என்பதுதான் பாதி நேரம் உள்ளே இருக்கும் அர்த்தம். எழுத்திலும் மறுத்தால், அந்த ஒரு விஎம்மை மட்டும் ஹைப்பர்-வியில் தனி மெஷினில் வைத்துவிட்டு மற்ற 21-ஐ நகர்த்துங்கள். ஒன்றுக்காக 96 கோருக்குக் கட்ட வேண்டாம்.

லேப்டாப்பில் பழகிப் பார்க்க விர்ச்சுவல்பாக்ஸோ, இப்போது எல்லோருக்கும் இலவசமாகிவிட்ட விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனோ போதும். அதற்குள்ளேயே ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவி மூன்று பொய் சர்வர் கிளஸ்டர் கட்டலாம். உடைத்து உடைத்துப் பழகுங்கள். ஆபீஸில் முதலில் நகர்த்த வேண்டியது பிரிண்ட் சர்வர். அது ஒரு நாள் படுத்தால் திட்டுத்தான் விழும், வியாபாரம் விழாது.

அந்த ஸ்டோரேஜ் பெட்டி என்எஃப்எஸ் கொடுக்குமா, மூன்று சர்வரிலும் பிராசஸர் ஒரே தலைமுறையா, இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். தேதி ஈஸ்டருக்கு வைப்போம். அன்றைக்கு நான் கோயிலில் இருப்பேன், ஆனால் போன் கையில்தான் இருக்கும். நீலத் திரை வந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.